இடத்திலேயே ஆக்கல்

சி++ மொழியின் செந்தர நூலகத்தில் 'மேப்' என்னும் கொள்கலன், திறவுகோலையும் அதற்குரிய மதிப்பையும் ஓர் இணையாகச் சேமிக்கிறது. இணைகள் உள்ளிட்ட வரிசையில் நில்லாமல், திறவுகோல்களின் ஏறுவரிசையில் நிற்கும். இக்கொள்கலன் பெரும்பாலும் சிவப்பு-கருப்பு மரமாகவே செயல்படுத்தப்படுகிறது. ஒவ்வோர் இணையும் ஒரு கணுவில் தங்குகிறது. சமநிலை கெடும்போது மரம் தன்னைச் சீர்செய்துகொள்ளும். அப்போது மாறுவன கணுக்களைப் பிணைக்கும் சுட்டுகளே. கணு நினைவகத்தில் இருக்கும் இடம் மாறுவதில்லை. பத்து இலட்சம் இணைகள் இருப்பினும் மரத்தின் உயரம் 40-ஐத் தாண்டாது. (தமிழ்ச் சொற்களைத் திறவுகோலாகக் கொள்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: ஒருங்குறியில் னகரம் பகரத்திற்கு முன் வருகிறது. அகராதி வரிசை வேண்டின் ஒப்பிடும் செயற்கூறைத் தனியே எழுதித் தர வேண்டும்.)

1998ஆம் ஆண்டின் செந்தரத்தில் புதிய இணையைச் சேர்க்க 'இன்செர்ட்' என்னும் செயற்கூறு இருந்தது. இணை முதலில் வெளியே தற்காலிகப் பொருளாக ஆக்கப்படும். பின்னர் அதன் நகல் கணுவிற்குள் அமையும். தற்காலிகப் பொருள் அழிக்கப்படும். ஒரு நூலின் முழுப் பாடமும் மதிப்பாக இருந்தால் இந்த நகலெடுப்பு வீண் செலவாகும். பூட்டுப் பொருளான 'மியூடெக்ஸ்' போன்றவற்றையோ நகலெடுக்கவே இயலாது.

2011ஆம் ஆண்டின் செந்தரம் 'எம்ப்ளேஸ்' என்னும் செயற்கூறைத் தந்தது. வேறிடத்தில் கட்டிய வீட்டைப் பெயர்த்துவந்து வைக்காமல், செங்கல்லை மனைக்குக் கொண்டுவந்து அங்கேயே கட்டுவது போன்றது இது. நிரலர் தரும் அளபுருக்கள் ஆக்கியிடம் நேரே சென்று சேர, இணை கணுவிற்குள்ளேயே உருவாகிறது. இரண்டு முழு எண்களைச் சேர்ப்பதாயின் இதனால் பெரும் பயன் இல்லை. அங்கு 'இன்செர்ட்' போதும்.

வரிசைக் கொள்கலனுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கு எழுகிறது. கணு எங்கே அமைய வேண்டும் என்பதைத் திறவுகோல்தான் முடிவு செய்யும். ஆனால் திறவுகோலோ இனிமேல் ஆக்கப்படவிருக்கும் இணைக்குள் இருக்கிறது. ஆகவே கணுவை முதலில் ஆக்கிவிட்டுப் பின்னர் இடம் தேடச் செந்தரம் இடமளிக்கிறது. அதே திறவுகோல் முன்பே மரத்தில் இருந்தால் புதிய கணு அழிக்கப்படும். நூலகப் பட்டியலில் 1047 என்னும் எண்ணில் ஒரு நூல் ஏற்கெனவே உள்ளது எனக் கொள்க. அதே எண்ணுடன், ஒற்றை உரிமைச் சுட்டில் இருக்கும் வேறொரு நூற்குறிப்பை உரிமை மாற்றி அனுப்பினால், அது கணுவிற்குள் சென்று கணுவோடு சேர்ந்தே அழியக்கூடும். பட்டியலிலும் அது சேராது, அனுப்பியவரிடமும் எஞ்சாது. நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது என்பதே இதில் கொடியது.

2017இல் வந்த 'ட்ரை எம்ப்ளேஸ்' திறவுகோலைத் தனி அளபுருவாகப் பெறுகிறது. முதலில் தேடல் நிகழும்; திறவுகோல் இல்லாதபோது மட்டுமே மதிப்பு ஆக்கப்படும். இருந்தால், அனுப்பிய சுட்டு தொடப்படாமல் உரியவரிடமே இருக்கும். மியூடெக்ஸையும் இதன்வழி எளிதாகச் சேர்க்கலாம்.

தரவு முன்பே ஏறுவரிசையில் வருமாயின் 'எம்ப்ளேஸ் ஹின்ட்' உதவும். கொள்கலனின் இறுதியைக் குறிப்பாகத் தந்தால், ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து தேடாமல் அவ்விடத்திலேயே கணு இணைக்கப்படும். குறிப்பு தவறாயினும் விடை தவறாகாது. வழக்கமான தேடல் நிகழும், அவ்வளவே.