ஷீட் வீட்டுக்குள்ள சூடு எப்படி இறங்குது?

"ஓசூர்ல ஃபேனே தேவைப்படாதே, உங்களுக்கு என்னப்பா கவலை?" கிருஷ்ணகிரியிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வரும் நண்பர்கள் கேட்பது இது. கொஞ்சம் நியாயம் இருக்கு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சூளகிரி தாண்டி இறங்கினால் கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் இரண்டு ஊருக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம் வரும்.

ஆனா அது வெளியே நிழலில் இருக்கும் காற்றின் கணக்கு. சிப்காட் பக்கத்து லைன் வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, ஏப்ரல் மாசம் பகல் 12 மணிக்குப் படுத்துப் பாருங்க. எங்க அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரங்களில் அதுதான் தூங்குற நேரம். காலையில் வந்து எட்டு மணிக்குப் படுப்பார், பத்தரைக்கு எழுந்து வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். தூக்கம் கெட்டவர் ராத்திரி மறுபடி மெஷின் முன்னாடி நிற்கணும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தை 13 மார்க் கேள்விக்காகப் படிச்ச நான், அதை எங்க வீட்டுக் கூரைக்குப் போட்டுப் பார்த்தது இதனாலதான்.

முதல்ல வெயில் எங்கே விழுதுன்னு பாருங்க. ஓசூரின் அட்சரேகை சுமார் 12.7 டிகிரி வடக்கு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. ஜூனில் இன்னும் வேடிக்கை, மதிய வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். அதாவது கோடையில் நடுப்பகல் வெயில் சுவர் மேல் படுவதே அபூர்வம். மொத்தமும் கூரையில் இறங்குது. காலையில் கிழக்குச் சுவரும் சாயங்காலம் மேற்குச் சுவரும் வாங்கிக்கொள்வது தனிக் கதை. அதனால கையில் இருக்கிற முதல் ரூபாயைக் கூரைக்குத்தான் செலவு பண்ணணும். ஜன்னல் திரை, புது ஃபேன் எல்லாம் அப்புறம்.

சரி, கூரையிலிருந்து நம்ம மேல எப்படி வருது? ஷீட் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கமும் மேல்பக்கம் அளவுக்குக் கொதிச்சிடும். அங்கிருந்து கீழே வருவது பெரும்பாலும் கதிர்வீச்சு. அடுப்பு முன்னாடி நின்னா முகம் காயுதே, அதே சங்கதி. ஃபேன் போட்டும் தலை காயுறது ஏன்னு இப்போ புரியும்: ஃபேன் காற்றைத் தள்ளும், கதிர்வீச்சைத் தடுக்காது. சீலிங் ஃபேன் இன்னும் மோசம், ஷீட்டுக்கு அடியில் தேங்கின சூட்டுக் காற்றை இழுத்து நம்ம மேலயே கொட்டும். தரையோரமா வச்ச டேபிள் ஃபேன் பரவாயில்லை.

கணக்கு போடுவோம். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர் கூரை. ஷீட்டின் அடிப்பக்கம் 60 டிகிரி, நம்ம உடம்பும் அறையில் உள்ள பொருளும் 35 டிகிரி, உமிழ்திறன் 0.9 என்று வச்சுக்குங்க. ஸ்டீபன்-போல்ட்ஸ்மேன் சூத்திரத்தில் கெல்வினில் போட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 170 வாட். மொத்தக் கூரைக்கும் கிட்டத்தட்ட 1,850 வாட், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ரெண்டு தலைக்கு மேல கவுத்து வச்ச மாதிரி. இப்போ அதே ஷீட்டை 45 டிகிரிக்கு இறக்கிட்டா? சதுர மீட்டருக்கு சுமார் 63 வாட்தான். வெப்பநிலை 15 டிகிரி குறைஞ்சதுக்கு, வருகிற சூடு மூணில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துடுது. ஷீட்டுக்கும் நமக்கும் இடையிலான வித்தியாசம் 25 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குச் சுருங்கினதுதான் இதுக்குப் பெரும்பாலும் காரணம்.

அப்படி இறக்க மலிவான வழி வெள்ளை அடிப்பது. பழைய சாம்பல் நிற ஷீட் வெயிலில் பெரும்பகுதியைக் குடிச்சிடும். புதுசா அடிச்ச வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். அகமதாபாத் மாநகராட்சி 2010 வெப்ப அலைக்குப் பிறகு 2013-இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2017-இல் குடிசைப் பகுதிகளில் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நம்ம மாநிலத்திலும் அரசுப் பள்ளிகளின் கூரைகளில் இந்த வேலை தொடங்கியிருக்கு. சுண்ணாம்பை மட்டும் அடிச்சா முதல் மழையிலேயே ஓடிடும். பசை கலந்து ரெண்டு கோட் அடிக்கணும். தூசி படிந்தால் வெண்மை போயிடும், அதனால வருஷம் ஒரு தடவை, பிப்ரவரி மார்ச்சில், கழுவித் திரும்ப அடிங்க.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம்: தகர ஷீட் பளபளன்னுதானே இருக்கு, அது ஏன் கொதிக்குது? வெயிலில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புவது உண்மை. ஆனா உள்ளே வாங்கினதை வெப்பக் கதிராக வெளியே விடும் திறன் பளபளப்பான உலோகத்துக்கு ரொம்பக் கம்மி. வாங்கினது தேங்கிடும். வெள்ளைப் பெயிண்டுக்குத் திருப்பி அனுப்பும் குணமும் இருக்கு, உமிழும் குணமும் இருக்கு. தகரத்துக்கும் வெள்ளை அடிக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

ரெண்டு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போயிடாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல நேரா கால் வைக்காதீங்க. பழைய ஷீட் சத்தமில்லாம உடையும், கீழே சிமெண்ட் தரை. பக்கத்து மொட்டை மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ நீளக் கம்பில் ரோலர் கட்டி அடிங்க. அடுத்தது, அதைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, அறுப்பது, துளை போடுவது கூடவே கூடாது. அந்த நார்த்தூள் நுரையீரலுக்குள்ள போனா பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா வரலாம். தண்ணி ஊத்தி நனைச்சு, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால் மட்டும் கழுவுங்க.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு வழியும் இருக்கு. ஓசூரைச் சுத்தி ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கிறவங்க பயன்படுத்துற ஷேடு நெட். அதை ஷீட்டிலிருந்து ஒரு அடி உயரத்தில் இழுத்துக் கட்டினா வெயில் முதலில் வலையில் விழும். வலை சூடானாலும் இடையில் ஓடும் காற்று அதை அள்ளிக்கிட்டுப் போயிடும். அந்த ஒரு அடி இடைவெளிதான் விஷயம். ஷீட்டோடு ஒட்டி விரிச்சா பாதிப் பலன் கூட இல்லை. நம்ம பக்கத்து ஆடி மாசக் காற்றுக்கு முடிச்சு நல்லா இருக்கணும், அது வேற.

ஈரச் சாக்கு போடலாமான்னு கேட்பீங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேணும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் காய்ந்தால் சுமார் 670 வாட் சூட்டை எடுத்துக்கும். சென்னையை விட நம்ம பக்கம் கோடைக் காற்று காய்ந்தது, அதனால நல்லாவே வேலை செய்யும். ஆனா தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில் நிற்கிற தெருவில், கூரையில் தண்ணி ஊத்தச் சொல்ல எனக்கு வாய் வரலை.

கான்கிரீட் வீட்டில் கதை தலைகீழ். தளம் அஞ்சு அங்குலம், அதன் மேல தட்டோடு. சூடு உள்ளே வந்து சேர சில மணி நேரம் ஆகும். காலையில் குளுகுளுன்னு இருக்கும், சாயங்காலம் ஆறுக்கு மேல தளம் சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். பகலில் தூங்குறவங்களுக்கு இது ஒரு வகையில் வசதி: ராத்திரி யாராவது ஜன்னலைத் திறந்து வச்சு, காலை எட்டு மணிக்குள் மூடி, திரை போட்டாப் போதும். ஷீட் வீட்டில் அதே மாதிரி பகலில் மூடி வச்சீங்கன்னா அடுப்புதான். அங்கே சுவரின் உச்சியில் எதிரெதிரே ரெண்டு திறப்பு வேணும், சூட்டுக் காற்று மேலேயே வெளியேறிடும்.

வாடகை வீடு என்பதால் நாங்க ஓனர் அக்காவிடம் கேட்டுத்தான் செய்யணும். "ஷீட்டு ஆயுசும் கூடும்க்கா, சுண்ணாம்புக் காசு நாங்க போட்டுக்கிறோம்"னு சொன்னதும் சரின்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு மீதி மூணு வீட்டுக்கும் சேர்த்தே அடிக்கச் சொல்லிட்டாங்க. நீங்களும் அடிக்கிறதா இருந்தா, லேபிலிருந்து இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் கேட்டு வாங்கி, அடிக்கிறதுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் அதே மதியம் 1 மணிக்கு ஷீட்டின் அடிப்பக்கத்தை அளந்து எழுதி வைங்க. இரண்டு நாளும் வானம் ஒரே மாதிரி தெளிவா இருக்கணும், இல்லைன்னா அளவுக்கு அர்த்தமில்லை.