ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பத்து ரூபாய்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 786 என்று முடியும் பத்து ரூபாய் நோட்டு. ஐயாயிரம் சொல்கிறார்கள், வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எண் பார்த்து நோட்டு சேர்க்க வருகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த முதல் படியில்தான்.

முதலில் கணக்கு. நம் நோட்டில் இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த ஒரு முன்குறி இருக்கும், அதன்பின் ஆறு இலக்கங்கள். ஆக, ஒரு முன்குறிக்குப் பத்து லட்சம் எண்கள். ஆயிரம் நோட்டை வரிசையாக எடுத்தால் 786-இல் முடிவது அதில் ஒன்று இருந்தே தீரும். 470074 போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத எண்ணைச் சேகரிப்பாளர்கள் ரேடார் என்பார்கள். நமக்கு மாலைமாற்று என்ற பழைய பெயரே இருக்கிறது. ஞானசம்பந்தர் சீர்காழிக்கு அந்த அமைப்பிலேயே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மாலைமாற்று எண்ணும் ஆயிரத்துக்கு ஒன்று. 470470 என்று இரட்டிப்பதும் ஆயிரத்துக்கு ஒன்று. கணக்கில் மூன்றும் ஒரே தட்டில் நிற்கின்றன. சந்தையில் மட்டும் 786 தனியாக நிற்கிறது.

அதற்குக் காரணம் நம்பிக்கை. ‘பிஸ்மில்லா’ வாக்கியத்தின் அரபு எழுத்துகளுக்கு உரிய எண்மதிப்புகளைக் கூட்டினால் வருவது 786. அந்த நோட்டு கைக்கு வந்தால் செலவழிக்காமல் கல்லாப்பெட்டியின் அடியில் வைத்துக்கொள்ளும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விலை கேட்டு வைப்பதில்லை, விற்பதற்கும் வைப்பதில்லை. அந்த பக்தியை மூலதனமாக்கி ஐயாயிரம் கேட்கிறவரிடம் நீ ஏன் போக வேண்டும்?

உண்மையில் அரிதானவை வேறு. 111111 முதல் 999999 வரை ஆறு இலக்கமும் ஒன்றாக வருபவை ஒரு முன்குறிக்கு ஒன்பதே ஒன்பது. 123456 ஒன்றே ஒன்று. ஆனால் இதையும் யோசி: உன் பிறந்த தேதி ஆறு இலக்கமாக வரும் நோட்டும் ஒரு முன்குறிக்கு ஒன்றுதான். 123456 எவ்வளவு அரிதோ அதுவும் அவ்வளவு அரிது. ஆனால் அதை விரும்புகிறவர்கள் உன் வீட்டைத் தாண்டி அதிகம் இருக்க மாட்டார்கள். எது அரிது, எது விரும்பப்படுகிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாளில் நீ சேகரிப்பாளன் ஆகிவிடுவாய்.

நோட்டின் எண் அன்று எதற்குப் பயன்பட்டது என்பதையும் தெரிந்துகொள். இந்திய அரசின் காகிதப் பணம் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்குகிறது. நோட்டுக்கென்று நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்; மதராஸ் வட்டத்து நோட்டு அன்று மதராஸ் வட்டத்தில்தான் சட்டப்படி செல்லும். பெரிய தொகையைத் தபாலில் அனுப்புகிறவர்கள் வழியில் திருட்டுக்குப் பயந்து நோட்டை நடுவே வெட்டி, முதல் பாதியை அனுப்பி, அது போய்ச் சேர்ந்த தகவல் வந்தபின் மறுபாதியை அனுப்புவார்கள். இரண்டு பாதியிலும் எண் இருக்கும். பெறுகிறவர் எண்ணைப் பொருத்திப் பார்த்து ஒட்டிக்கொள்வார். அப்படி ஒட்டிய நோட்டு ஒன்றை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு விரல் நடுங்கியது. அந்த எண்ணில் எந்த அழகும் இல்லை. யாரோ ஒருவர் விளக்கொளியில் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஃபேன்சி நம்பர்களுக்கு நடுவே நான் மிகவும் நேசிப்பது இத்தகைய சாதாரண எண்களைத்தான்.

சாதாரண எண்ணும் சில நேரம் கதை பேசும். லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய ஷிராலா என்ற கப்பலை 1918 ஜூலை 2-ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் கையெழுத்திடாத ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகள் இருந்தன. சில கரை ஒதுங்கின. ஏறக்குறைய அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. முன்குறியும் இப்படிப் பேசும். ஹஜ் பயணிகளுக்காக ரிசர்வ் வங்கி தனியாக அச்சிட்ட நோட்டுகளை ‘எச்ஏ’ என்ற முன்குறியே காட்டிக்கொடுக்கும்.

முன்குறிக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் இருந்தால் பயப்படாதே. அச்சில் கெட்ட நோட்டுக்கு முன்பெல்லாம் அதே எண்ணில் வேறொன்று அடித்து வைப்பார்கள். 2006 முதல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்க் கட்டுகளில் கெட்டதற்குப் பதிலாக நட்சத்திர நோட்டு வைக்கத் தொடங்கினார்கள். அது கள்ள நோட்டு என்று வதந்தி பரவி, செல்லும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

இனி தாளுக்கு வருவோம். எண் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் நோட்டு சலவைத்தாளாக இல்லாவிட்டால் மதிப்பு சரிந்துவிடும். பழைய நோட்டில் பின் அடித்த ஓட்டை இருப்பதைப் பெரிய குறையாக நினைக்காதே. கட்டுகளுக்குப் பின் அடிப்பதை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதே 2001-இல்தான். ஆனால் மடிப்பை எடுக்க இஸ்திரி போடாதே, அழுக்கை ரப்பரால் அழிக்காதே, லேமினேட் செய்யாதே. நான் பதினேழு வயதில் என் அப்பாவின் ஒரு ரூபாய் நோட்டுகளைப் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினேன். முதுகுப்புறம் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு நோட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. பாலியெஸ்டர் உறையில் வை. வாசனை அடிக்கும் பி.வி.சி. உறை தாளைக் கெடுக்கும்.

விலை கொடுத்து வாங்கும் நாள் வந்தால், எண் அச்சான இரண்டு இடத்தையும் லென்ஸ் வைத்து ஒப்பிடு. ஓர் இலக்கத்தைச் சுரண்டி மாற்றி விற்கிறவர்கள் உண்டு. ‘டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள்’ என்று யாராவது சொல்லி, முன்பணமாகக் கமிஷனோ வரியோ கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடு. ரிசர்வ் வங்கி தன் பெயரில் நடக்கும் இந்த ஏமாற்றைப் பற்றி 2021-இல் எச்சரித்திருக்கிறது. செல்லாதென்று அறிவித்த பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளைச் சேகரிப்புக்கென்று 25-க்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதையும் மறந்துவிடாதே.

ஒவ்வொரு நோட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு வை. எங்கே, எந்த நாளில், யாரிடமிருந்து வந்தது என்று எழுது. கல்யாண வீட்டு மொய்க் கவரில் வந்தது என்றால் அதையும் எழுது. நோட்டின் மேல் மட்டும் ஓர் எழுத்தும் எழுதாதே.

அந்த ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போ. பத்து ரூபாய்ப் புதுக் கட்டு கிடைக்கும் நாளில் வரிசையாக ஐந்து கட்டு வாங்கு. ஐந்நூறு நோட்டு. வீட்டுக்கு வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் படி. 786 வந்தாலும் வரும், மாலைமாற்று வந்தாலும் வரும். ஒன்றுமே வராவிட்டால் ஐந்நூறையும் கடையில் கொடுத்துச் செலவழித்துவிடலாம், ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. என்ன கிடைத்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்