பைக்குள் விடும் மருந்து பையை அரித்துவிடுமா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் குழாய் வழியாகப் பைக்குள்ளேயே மருந்து விடுவது வழக்கம். அது பையின் உட்புறத்தை அரித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எரிச்சல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நன்றாக மருந்து வேலை செய்கிறது என்று வேறு சிலர் தேற்றிக்கொள்கிறார்கள். பயமும் தேறுதலும் சிறுநீர்ப்பையை வெறும் தோல்பையாக நினைப்பதால் வருபவை. உண்மையில் அதன் உள்படலம் உடலிலேயே மிகக் கெட்டியான தடுப்புகளுள் ஒன்று. குடைபோல் விரிந்த பெரிய அணுக்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கிடக்க, அவற்றின் மேல் யூரோபிளாக்கின் என்ற புரதம் தகடுகளாகப் படிந்திருக்கிறது. மணிக்கணக்கில் தேங்கும் சிறுநீரின் கழிவுகள் ரத்தத்துக்குத் திரும்பாமல் இருப்பது இந்தக் காவலால்தான்.

மருந்தையும் இதே காவல்தான் மறிக்கிறது. மைட்டோமைசின் பைக்குள் விடப்படும்போது மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேர்வதால், கீமோதெரபி என்றதும் நினைவுக்கு வரும் முடி உதிர்வு இதில் அரிது. மூலக்கூறு அதைவிடச் சிறிய தயோடெபா ஓரளவு கசிந்துபோய் ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும். வலியோடு கூடிய ஒருவகைச் சிறுநீர்ப்பை அழற்சிக்காக அமெரிக்காவில் 1978இல் அனுமதிக்கப்பட்ட டி.எம்.எஸ்.ஓ. படலத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். விட்ட சிறிது நேரத்தில் நோயாளியின் மூச்சிலேயே பூண்டு வாடை அடிக்கும். எனவே, பைக்குள் விடும் மருந்து என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தடுப்பு இவ்வளவு கெட்டி என்றால் புற்றுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்கலாம். ஆரம்பநிலைப் புற்று அந்தப் படலத்திலேயே முளைப்பது. மருந்து அதை நேராகத் தொடுகிறது. தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுக்கு இந்த முறை போதாமல் போவதும் இதனால்தான்.

பி.சி.ஜி.யின் கதை வேறு. குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே வீரியம் குறைத்த உயிர்க்கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுக் கிடைத்த பலனை, 1976இல் கனடாவில் மொராலெஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். கிருமி படலத்தில் ஒட்டியதும் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்கின்றன. புற்றை அழிப்பது பெரும்பாலும் அந்தப் படைதான். அழற்சிதான் மருந்து என்றால் எரிச்சல் கூடினால் நல்லதுதானே? கேள்வியில் நியாயம் இருக்கிறது, முடிவுதான் சரியில்லை. எரிச்சல் சிறுநீர்த் தொற்றாலும் வரும், குழாய் உரசியதாலும் வரும். அதிகம் எரியாதவர்களுக்கும் பலன் கிடைக்கிறது. புற்றணுவின் டி.என்.ஏ.வைப் பிணைத்துக் கொல்லும் மைட்டோமைசினிலோ எரிச்சல் வெறும் பக்கவிளைவு. மேலடுக்கு உரிந்தாலும் அடியிலுள்ள அணுக்கள் பெருகி அதை மூடிவிடுவதால் பெரும்பாலோருக்கு அவதி சில நாளில் தணிகிறது. பை சுருங்கிப்போவது உண்டு, ஆனால் அபூர்வம்.

கவலைப்பட வேண்டிய இடம் கிழிந்த படலம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ குழாய் நுழைக்கையில் காயம் பட்டாலோ அன்றைக்கு பி.சி.ஜி. கொடுக்க மாட்டார்கள், கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் பொறுப்பார்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்களே என்று நோயாளிகள் குறைப்படுவதுண்டு. காயத்தின் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிடக் கூடாது என்பதற்கான காத்திருப்பு அது. பி.சி.ஜி.யால் காசநோய் வந்துவிடும் என்ற பேச்சில் உள்ள சிறு உண்மையும் இதுதான்: உடலெங்கும் பரவும் தொற்று அரிது, வந்தால் கடுமையானது. அதனால் மருந்து விட்டபின் வரும் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ இரண்டு நாளாகியும் இறங்காவிட்டாலோ, 'மருந்து வேலை செய்கிறது' என்று வீட்டில் படுத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.