கிரைண்டரில் எமரி பெல்ட்

கேள்வி: நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். சதுரக் குழாய் மூலைகளில் வெல்டிங்கைத் தேய்க்க கிரைண்டர் வீல் நுழைவதில்லை. அதே கிரைண்டரில் குறுகிய எமரி பெல்ட் ஓட்டலாமா?

பதில்: தாராளமாக ஓட்டலாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். அதனால் வீலுக்குப் பதிலாக மாட்டும், பெல்ட்டை ஓட்டும் உருளை 30 மி.மீ. விட்டத்தைத் தாண்ட வேண்டாம். அதிலேயே பெல்ட் நொடிக்கு 17 மீட்டர் பாயும். லேத்தில் கடையக் கொடுக்கும்போது உருளையின் நடுவில் அரை மில்லி மேடு விடச் சொல்லுங்கள். அந்த மேடுதான் பெல்ட்டை நழுவாமல் நடுவில் நிறுத்தும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கிரைண்டரிலிருந்து முன்னே நீளும் ஒரு தண்டு, அதன் முன்முனையில் சிறு பேரிங் உருளை, அந்த உருளையை முன்னுக்குத் தள்ளி பெல்ட்டை விறைப்பாக வைக்க ஒரு ஸ்பிரிங். தண்டை, கார்டு உட்காரும் கழுத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஓட்டும் உருளைக்குத் தகட்டு மூடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.