ஷோகேஸிலிருந்து இறங்கிய மெழுகுவர்த்திகள்

டில்லியில் நம்மவர் வீட்டு ஷோகேஸ்களைப் பார்த்தால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் நைனிடால் மெழுகுவர்த்தி ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். கோடை விடுமுறைக்கு இரவு ரயிலில் காட்கோதாம் வரை சென்று (1884-லேயே அங்கு ரயில் வந்துவிட்டது, அதற்கு மேல் மலை), அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் பஸ்ஸில் ஏறி, ஏரியில் படகு விட்டு, திரும்பும் நாளன்று பேரம் பேசி வாங்கி வரும் சாமான் அது. ஆப்பிள், அன்னம், ரோஜா, பனி மூடிய வீடு, பீர் கிளாஸ் என்று எங்கள் வீட்டில் 31 சேர்ந்துவிட்டன. ஒன்றைக்கூட ஏற்றியது கிடையாது. மின்சாரம் போனால் ஏற்ற மளிகைக்கடை வெள்ளை மெழுகுவர்த்தி தனியாக இருக்கும். "அதைப் போய் யாராவது கொளுத்துவாங்களா?" என்பது என் மனைவி போட்ட சட்டம்.

2023 ஜூன் மாத வெயில் அந்தச் சட்டத்தை மாற்றியது. ஷோகேஸ் இருப்பது மேற்குச் சுவரில். பாரஃபின் மெழுகு உருகுவதற்கு 50 முதல் 65 டிகிரி வரை வேண்டும் என்றாலும், 40 டிகிரியைத் தாண்டும்போதே இளகத் தொடங்கிவிடும். ஜோடி அன்னங்களில் ஒன்று கழுத்தை மடக்கித் தரையைப் பார்த்தது. ஆப்பிளும் ஆரஞ்சும் ஒட்டிக்கொண்டன. "இப்படி வீணாப் போறதுக்கு எரிச்சே தீர்த்துடலாம்" என்றாள் மனைவி. 2024 ஜனவரியில் குளிர்கால விடுமுறைக்குப் பேரனும் பேத்தியும் வந்தபோது, தினம் மாலை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மூன்றாக ஏற்றுவது என்று முடிவாயிற்று. அந்தப் பதினைந்து நாட்களில் குழந்தைகள் கேட்ட கேள்விகளும், ஒரு நாள் நடக்கவிருந்த விபத்தும்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதல் நாள் பேரன் கேட்டான்: "தாத்தா, விறகு எரிஞ்சா சாம்பல் மிஞ்சுது. மெழுகு எங்கே போச்சு?" நல்ல கேள்வி. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு நடத்திய ஆறு சொற்பொழிவுகளும் ஏறத்தாழ இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர், ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் சொல்ல முயன்றார். அந்தச் சொற்பொழிவுகள் 1861-ல் புத்தகமாகவும் வந்தன.

எரிவது திரி அல்ல. உருகிய மெழுகும் அல்ல. மெழுகு ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. இதை நம்பாதவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் தொடாமல், இரண்டு சென்டிமீட்டர் மேலே அந்தப் புகையில் காட்டினால், தீ புகை வழியே குதித்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அது மெழுகு ஆவி குளிர்ந்து உண்டான புகை. ஃபாரடேயும் இதைச் செய்து காட்டினார். என் பேரன் இதற்காகவே ஒரு தீப்பெட்டியைக் காலி செய்தான்.

சரி, திட மெழுகு திரியின் நுனிக்கு எப்படிப் போகிறது? சுடரின் வெப்பத்தில் மேற்பரப்பு உருகிச் சிறு குளமாகத் தேங்குகிறது. திரியின் நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் அது தானாகவே மேலே ஏறுகிறது. தந்துகி விளைவு என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்களுக்கு இது தொழிலில் பழகிய சங்கதி. நான் பணியில் சேர்ந்த காலத்தில் சரக்கு வாகன்கள் பலவற்றில் ரோலர் பேரிங் கிடையாது. ஆக்ஸில் பாக்ஸுக்குள் எண்ணெயில் ஊறிய நூற்பொதி ஒன்றை அடைத்திருப்போம். அந்த நூல்தான் கீழே தேங்கிய எண்ணெயை மேலே இழுத்து அச்சுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொதி காய்ந்தாலோ இடம் நகர்ந்தாலோ ஆக்ஸில் கொதித்துவிடும். வாகனை வழியில் கழற்றி விட வேண்டியதுதான். மோட்டாரும் வால்வும் இல்லாமல் வேலை செய்யும் பம்பு என்றால் நூலைச் சொல்லலாம்.

நம் கார்த்திகை அகலிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் அகலில் எண்ணெய் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது. மண் கிண்ணமும் தனியாக இருக்கிறது. மெழுகுவர்த்தியோ தன் எரிபொருளைத் தானே உருக்கி, தன் கிண்ணத்தையும் தானே செய்துகொள்கிறது. சுடரைச் சுற்றிக் கீழிருந்து ஏறும் குளிர்ந்த காற்று ஓரத்தை உருகாமல் காக்க, நடுவில் மட்டும் குழி விழுகிறது. திரி எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு உருக வேண்டும். எவ்வளவு உருகுகிறதோ அவ்வளவு உறிஞ்ச வேண்டும். மெழுகின் தடிமனும் திரியின் தடிமனும் பொருந்தினால்தான் இக்கணக்கு நேராகும். திரியைப் பாருங்கள், பின்னல் போட்டிருக்கும். எரியும்போது அது ஒரு பக்கமாக வளைந்து, சுடரின் வெளி விளிம்புக்கு வந்து, தன் நுனியைத் தானே எரித்துக்கொள்ளும். 1820-களில் பிரான்சில் இப்பின்னல் திரி வருவதற்கு முன் கத்தரிக்கோலும் கையுமாகத் திரியை வெட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றைச் சமையலறை எலக்ட்ரானிக் தராசில் வைத்து ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் 7 கிராம் குறைந்தது. ஒரு கிராம் பாரஃபின் எரிந்தால் சுமார் 45 கிலோஜூல் வெப்பம். கணக்குப் போட்டால் 80 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. வெளிச்சமோ 12, 13 லூமென்தான். 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமென் கொடுக்கும். நம் தாத்தா, பாட்டிகள் எதில் படித்தார்கள் என்று பேத்தி வாயைப் பிளந்தாள்.

காணாமல் போன அந்த 7 கிராம் எங்கே? குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனி படியும். அது தண்ணீர். மெழுகில் உள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவுடன் சேர்ந்து நீராகிறது. கார்பன் கரியமில வாயுவாகிறது. ஒரு கிராம் மெழுகு எரிந்தால் சுமார் 1.3 கிராம் நீரும் 3.1 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும். போட்டதைவிடக் கிடைப்பது அதிகமாக இருக்கிறதே என்றால், காற்றிலிருந்து எடுத்த பிராணவாயுவின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு ஸ்பூனைக் காட்டினால் கரி அப்பும். இன்னும் எரியாத கார்பன் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால்தான் அந்த மஞ்சள் நிறம். என் பாட்டி விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை கூட்டியது இதே கரியில்தான்.

இனி ஷோகேஸ் சரக்குக்கு வருவோம். அழகுக்காகச் செய்தவற்றில் பாதிக்கு மேல் எரியத் தெரியாதவை என்று கண்டோம். அது செய்தவர் குற்றமல்ல. மெழுகுக்கும் திரிக்கும் உள்ள கணக்கு நேரான தண்டில்தான் ஒழுங்காக வரும். அன்னத்துக்கு ஏது நேர்? கொக்குக்கழுத்து போன்ற ஒல்லியான இடத்தில் திரிக்கு மெழுகு போதாமல் மளமளவென்று ஒழுகித் தீர்ந்தது. அதே சுடர் அகன்ற வயிற்றுக்கு இறங்கியதும், ஓரத்தை உருக்கச் சக்தியில்லாமல் நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு, தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. தடித்த மெழுகுவர்த்திகள் எல்லாவற்றிலும் இக்கிணறு வரும். முதல் தடவை ஏற்றும்போதே, குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி என்ற கணக்கில், ஓரம் வரை உருக விட்டால் பிழைக்கும். ஐந்து நிமிஷம் ஏற்றி அணைத்தால் பிறகு ஒவ்வொரு முறையும் அதே குழியில்தான் விழும். ஆப்பிளின் சிவப்பு வெளித்தோலில் மட்டும் இருந்தது, உள்ளே வெறும் வெள்ளை. ரோஜாவில் வர்ணப்பொடி மெழுகிலேயே கலந்திருந்ததால், பொடி திரியின் சந்துகளை அடைத்து, சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. மேலே வார்னிஷும் ஜிகினாவும் பூசியவை பற்றி எரிந்து நாற்றமடித்தன. அவற்றைப் பால்கனிக்கு அனுப்பினோம். பார்க்க லட்சணமே இல்லாத ஒன்று, பனிக்கட்டித் துண்டுகளின் மேல் மெழுகை ஊற்றி வார்த்ததால் உடம்பெல்லாம் ஓட்டையாக இருந்தது, எரியும்போது ஓட்டைகள் வழியே வெளிச்சம் கசிந்து எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது.

பழைய சரக்கை ஏற்றுவதற்கு முன் திரியைப் பாருங்கள். அது நிமிர்ந்து நிற்பதற்காகச் சிலவற்றில் மெல்லிய உலோகக் கம்பி வைத்திருப்பார்கள். நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இதுவோ சிலவற்றில் காரீயம். எரிந்தால் அதன் புகை குழந்தைகளின் மூளைக்குக் கேடு. அமெரிக்காவில் 2003-ல் இதைத் தடை செய்தார்கள். எரியாத திரியின் நுனியில் நூலைப் பிரித்துக் கம்பியை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால், காரீயம் பென்சில் போலச் சாம்பல் நிறக் கோடு போடும். எங்களிடம் ஒன்று கோடு போட்டது. அதை ஏற்றவில்லை.

பிறந்த நாள் கேக்கில் ஊத ஊதத் திரும்ப எரியும் மெழுகுவர்த்தியின் திரியில் மக்னீசியப் பொடி இருக்கும். அணைந்த திரியின் கங்கு பொடியைப் பொறியாக்கி, அப்பொறி மெழுகு ஆவியை மறுபடி பற்ற வைக்கிறது. அணைந்தது என்று நம்பிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். மெழுகு ஆறிய பிறகு, திரியைத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் போட வேண்டும்.

ஒன்பதாம் நாள் பனி மூடிய வீட்டை ஏற்றினோம். உள்ளங்கை அகலம், புகைபோக்கியில் ஒன்றும் கூரையின் இரு முனைகளில் ஒவ்வொன்றுமாக மூன்று திரிகள். மூன்றையும் ஏற்றினால்தான் அழகு என்று குழந்தைகள் அடம் பிடித்தார்கள், நானும் விட்டுவிட்டேன். பக்கத்துப் பக்கத்துச் சுடர்கள் ஒன்றையொன்று சூடேற்றும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருபது நிமிஷத்தில் சுவர் சரிந்து, வீடு முழுவதும் தட்டில் குளமாகிவிட்டது. பேரன் போட்டிருந்த தீக்குச்சிகள் அதில் கிடந்து, ஒவ்வொன்றும் ஒரு திரியாயிற்று. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழ உயரத்துக்குத் தீ எழும்பியது. நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் பேரன் சமையலறையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டான். அவன் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் என் மேல் கொட்டியது. மனைவி இட்லிப் பானையின் மூடியைக் கொண்டு வந்து தட்டின் மேல் கவிழ்த்தாள். அவ்வளவுதான், அணைந்துவிட்டது. மூடியைக் கால் மணி நேரம் நான் தொட விடவில்லை. சூடு ஆறுவதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு ஆவி மறுபடி பற்றும்.

அடி வாங்கிய கையோடு நின்றவனுக்கு அன்றிரவு உட்கார வைத்து விளக்கினேன். எரியும் மெழுகுக்குளம் 100 டிகிரிக்கு மிக மேலே இருக்கும். தண்ணீர் மெழுகைவிடக் கனம். அடியில் இறங்கி அங்கேயே கொதித்து நீராவியாகும். நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருகும். அது மேலே இருக்கும் தீயையும் மெழுகையும் துளித்துளியாக அறை முழுவதும் வீசி அடிக்கும். அவன் முகம் அதற்கு நேராக இருந்தது. வடை வாணலியில் எண்ணெய் பற்றினாலும் இதேதான்: அடுப்பை அணைத்து மூடியைப் போடுங்கள், தண்ணீர் கூடாது. ரயில் நிலையங்களில் சிவப்பு வாளியில் மணலை நிரப்பித் தொங்கவிட்டிருப்பது எதற்காக என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. தண்ணீர் ஊற்றக் கூடாத தீக்கு அதுதான் மருந்து.

மறுநாளிலிருந்து அகலமான தட்டில் மணலைப் பரப்பி, நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டினோம். நைலான் ஸ்வெட்டரும் ஜன்னல் திரையும் தள்ளியே இருக்கும். குளிரென்று எல்லாக் கதவையும் அடைக்காமல் ஒன்றைச் சற்றுத் திறந்து வைத்தோம். ஊதினால் மெழுகு தெறிக்கிறது என்பதால், அணைக்கச் சிறு மூடி. கண்ணாடி கிளாஸில் கிளிஞ்சல் போட்ட ஜெல் மெழுகுவர்த்தி ஒன்று மிஞ்சியது. அதில் இருப்பது பெரும்பாலும் தாது எண்ணெய்தான். சூடும் அதிகம், கண்ணாடி விரிசல் விடும். அரை மணிக்கு மேல் அதை எரிய விடவில்லை.

மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினோம். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு எவ்வளவு சூடாகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குள் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டாது. கொட்டாங்கச்சிகளில் ஊற்றி, பருத்தி நூலைப் பின்னித் திரி போட்டதில் ஏழு தேறின. நிறம் என்னவோ சேற்று நிறம். மின்சாரம் போனால் இப்போது அவற்றைத்தான் ஏற்றுகிறோம், நன்றாகவே எரிகின்றன.

கழுத்து மடங்காத அன்னத்தை மட்டும் மனைவி கொடுக்கவில்லை. ஷோகேஸைக் கிழக்குச் சுவருக்கு மாற்றியாயிற்று.