அல்பேனியா நாட்டுக் கத்தோலிக்கரும் ஞானஸ்நானமும்



கிரேக்க நாட்டுக்கு வடக்கே கடலோரமாக அல்பேனியா என்னும் சிறு தேசம் உண்டு. கல்கத்தா அன்னை தெரேசம்மாளின் குலத்தார் அந்த இனத்தவரே. 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அங்கே கத்தோலிக்கர் நூற்றுக்குப் பத்துப் பேர். அவர்களில் பெரும்பாலோர் வடக்கே ஷ்கோதர் பட்டணத்திலும் அதைச் சுற்றிய மலைநாட்டிலும் வசிக்கிறவர்கள். இச்சிறு மந்தை அழியாமல் நிலைத்தது எவ்வாறு?

அல்பேனிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாக்கியம் எது தெரியுமா? அரச சாசனமன்று, பாட்டுமன்று. ஞானஸ்நானம் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தையே அது. துருக்கியரோடு யுத்தம் நடந்த காலம். 1462-ம் ஆண்டில் துரஸ் நகர் அதிமேற்றிராணியார் பால் எஞ்சலி, தாம் இலத்தீனில் எழுதிய நிருபத்தில் அதை அல்பேனிய மொழியில் எழுதிவைத்தார். குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவர இயலாத பெற்றோர், தங்கள் சொந்த மொழியில் அவ்வார்த்தைகளைச் சொல்லித் தாங்களே ஞானஸ்நானம் கொடுக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார்.

பின்பு துருக்கியர் ஆட்சி 1912 வரை நீடித்தது. அக்காலத்தில் அநேகர் மதம் மாறினர். மலைநாட்டார் பலர் வேதத்தை விடவில்லை.

அதனிலும் கொடிய சோதனை 1967-ல் வந்தது. பொதுவுடைமை அரசாங்கம் கோவில்களையும் மசூதிகளையும் ஒருங்கே மூடிற்று. ஷ்கோதர் மேற்றிராசனக் கோவில் விளையாட்டுக் கூடமாயிற்று. எழுபது வயது கடந்த ஷ்டியபென் குர்த்தி சுவாமியார், ஒரு குழந்தைக்கு இரகசியமாய் ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்காக 1971-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 நவம்பர் 5-ந் தேதி முத்திப்பேறு பட்டம் பெற்ற 38 வேதசாட்சிகளில் அவரும் ஒருவர்.

அந்நாட்களில் மரியே கலேத்தா என்னும் கன்னியாஸ்திரீ வழியே போகையில், ஒருத்தி குழந்தையை ஏந்தி ஓடிவந்து, ஞானஸ்நானம் கொடுக்கும்படி மன்றாடினாள். அவளோ பொதுவுடைமைக் கட்சிக்காரனின் மனைவி. காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது? அவ்விடத்தில் தண்ணீர் மொள்ளப் பாத்திரமும் இல்லை. ஆனாலும் தாயின் விசுவாசத்தைக் கண்ட கன்னியாஸ்திரீ, தமது பாதரட்சையைக் கழற்றி, அருகிலிருந்த வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஞானஸ்நானம் கொடுத்தார். 2014-ல் பாப்பரசர் பிரான்சிஸ் முன்னிலையில் அவரே இதைச் சொன்னார்.

1990 நவம்பர் 4-ந் தேதி ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில் பகிரங்கமாய்ப் பூசை நடந்தபோது திரளான ஜனங்கள் கூடினார்கள். கோவில் மூடிக்கிடந்த காலத்திலும் விசுவாசம் வீடுகளில் உயிரோடிருந்தது.

நம் வீடுகளில் இதை அறிந்தவர் எத்தனை பேர்? குடும்பத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்:

வினா: குருவானவர் இல்லாதபோது, சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்?

விடை: திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்துடைய எவரும் கொடுக்கலாம்.

வினா: எப்படிக் கொடுப்பது?

விடை: சுத்தமான தண்ணீரைக் குழந்தையின் தலையில் வார்த்துக்கொண்டே, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லவேண்டும். பின்பு தாமதமின்றிப் பங்குக்குருவுக்கு அறிவிக்கவேண்டும்.

குர்த்தி சுவாமியார் தம் உயிரையே விலையாகக் கொடுத்தது இந்தச் சில வார்த்தைகளுக்காகவே. சுகமாய்ப் பிறந்த குழந்தையை மாதக்கணக்காய்க் கோவிலுக்குக் கொண்டுவராமல், விருந்துக்கு நாள் பார்த்திருக்கும் பெற்றோரே, இதைச் சிந்தியுங்கள்.