கடல் கடந்து கலை கற்கலாமா?

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)

ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பாசிரியை சகோதரி, மேற்படிப்பாக எதைப் படிக்க விரும்புகிறோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். மருத்துவம், செவிலியர் பயிற்சி, பொறியியல், வணிகவியல், ஆசிரியப் பணி என்று தாள்கள் வந்து குவிந்தன. ஒரு தாளில் மட்டும், "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படிக்க விரும்புகிறேன்" என்று எழுதியிருந்தது. சகோதரி அதைப் படித்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. எழுதியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சகோதரி சிரிக்கவில்லை. "சிரித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். இப்படியொரு படிப்பு உண்டா, நம்மவர் யாராவது படித்தார்களா, படித்ததால் என்ன பயன் விளைந்தது என்று தேடி எழுதி வாருங்கள்" என்றார்கள். தண்டனையாகத் தொடங்கிய அந்த வேலைதான் இக்கட்டுரை ஆயிற்று.

இப்படியொரு படிப்பு உண்டா?

உண்டு. அதற்கு நூறாண்டு வயதும் கடந்துவிட்டது. மாஸ்கோ நகரில் 1919-இல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியே உலகின் முதல் திரைப்படக் கல்லூரி என்பர். அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1929-இல் இதை ஒரு பாடமாகக் கற்பிக்கத் தொடங்கியது. பிராக் நகரில் 1946-லும், போலந்தின் வூச் நகரில் 1948-லும் புகழ்பெற்ற கல்லூரிகள் எழுந்தன.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. சென்னையில் 1945-லேயே திரைத்தொழில் பயிற்சி தொடங்கிற்று. இன்று அது எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு நிறுவனமாகத் தரமணியில் நடைபெறுகிறது. பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் புனே நிறுவனமும், சத்யஜித் ராயின் பெயரில் 1995-இல் கொல்கத்தா நிறுவனமும் அமைந்தன.

திரைப்படப் படிப்பு என்றதும் நடிப்புப் பயிற்சி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறு. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை, கலை அமைப்பு, அசைவோவியம், பழைய படச்சுருள்களைக் கெடாமல் காத்தல் எனப் பல பிரிவுகள் உள்ளன. ஒளிப்பதிவுக்கு இயற்பியல் வேண்டும். கலை அமைப்புக்கு ஓவியமும் வரலாறும் வேண்டும். ஒலிப்பதிவுக்கு நல்ல செவி வேண்டும்.

நம்மவர் கற்ற வழி

சினிமா நம் கொங்கு நாட்டுக்கு வந்ததே ஒரு வெளிநாட்டவரின் பெட்டியில்தான். கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே எழுத்தராக வேலை பார்த்தவர். 1905-இல் தூப்பான் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தார். அவர் தம் கருவிகளை விற்க எண்ணியபோது, வின்சென்ட் அவற்றை வாங்கிக்கொண்டார். இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றோடு வந்தது. வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்து ஊர்தோறும் படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கைக் கட்டினார்.

இயேசுநாதர் வாழ்க்கைப் படம் ஒன்று வேறொருவர் வாழ்வையும் மாற்றியது. பம்பாயில் அத்தகைய படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, "நம் புராணங்களை ஏன் இப்படிக் காட்டக் கூடாது?" என்று எண்ணினார். 1912-இல் லண்டன் சென்று தொழிலின் நுணுக்கங்களைக் கேட்டறிந்து, காமிராவும் வாங்கி வந்தார். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. வெளிநாடு சென்றவர் அவர். வீட்டில் இருந்தபடியே படச்சுருளுக்குத் துளையிடவும் கழுவவும் கற்றுக்கொண்டு உடன் உழைத்தவர் அவர் மனைவி சரசுவதிபாய்.

சென்னையில் திரையரங்கு நடத்திய ரகுபதி வெங்கையா, தம் மகன் பிரகாஷைப் படத்தொழில் கற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார். மகன் திரும்பி வந்து 1921-இல் 'பீஷ்ம பிரதிக்ஞை' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரமோ இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்றது நெசவுத் தொழில்நுட்பம் படிக்க. ஆனால் ஊர் திரும்பியவர் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிறுவனத்தை அமைத்தார். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938), முதல் தமிழ் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அங்கு உருவானவையே.

கலிபோர்னியாவும் கொடுமுடியும்

இதுவரை படித்தபோது, "இவர்களெல்லாம் ஆண்கள், பெரிய ஊர்க்காரர்கள். நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்றே பேசிக்கொண்டோம். அடுத்த செய்தி எங்கள் வாயை அடைத்துவிட்டது.

1930களின் தொடக்கத்தில் மாணிக் லால் டண்டன் என்னும் இந்திய மாணவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எல்லிஸ் ஆர். டங்கன் அவருடன் படித்தவர். "என்னோடு இந்தியா வா" என்று டண்டன் அழைக்க, டங்கன் 1935-இல் வந்து சேர்ந்தார். சில மாதங்கள் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர், 1950 வரை தங்கிவிட்டார்.

டண்டன் தமிழில் இயக்கிய படம் 'பக்த நந்தனார்' (1935). கல்கத்தாவில் எடுக்கப்பட்ட அப்படத்தில் நந்தனாராக நடித்தவர் யார் தெரியுமா? நம் கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாள்!

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே அவர் பெயரின் விரிவு. பாலாம்பாள் அவருடைய தாயார். 1908-இல் காவிரிக்கரையில் பிறந்த அச்சிறுமிக்கு வறுமையே முதல் ஆசான். ரயிலில் பாடி வயிறு வளர்த்தபோதுதான் அவர் குரல் நாடகத் தொடர்புடைய ஒருவரின் காதில் விழுந்ததாம். நாடகக் கம்பெனியே அவருக்குக் கல்லூரியாயிற்று. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடவும், வசனத்தை நிறுத்திச் சொல்லவும் அங்கே கற்றார். கடல் கடந்து இலங்கை மேடைகளிலும் பாடினார். உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கணவர் மறைந்தபின் வெள்ளுடை தரித்து, இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

அந்நிலையில்தான் நந்தனார் படத்துக்கு அழைப்பு வந்தது. நடிக்க மனமில்லாமல், கேட்டவர் மலைத்துத் திரும்பிவிடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அந்நாளில் அது கனவிலும் காணாத தொகை. தயாரிப்பாளரோ ஒப்புக்கொண்டுவிட்டார். ஆண் வேடம் என்பதால் சுந்தராம்பாளின் உறுதிக்கும் பங்கம் வரவில்லை.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். கலிபோர்னியாவில் படித்தவருக்குக் காமிராவை எங்கே வைப்பது என்று தெரியும். நந்தனாரின் ஏக்கத்தை எந்தச் சுருதியில் பாடுவது என்று தெரியாது. அதை அறிந்தவர் கொடுமுடிப் பெண். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தப் படம் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பிச்சியிடம் இதைச் சொன்னபோது, "அந்தம்மா பாடுனா மைக்கே வேண்டாங் கண்ணு, ஆத்துக்கு அக்கரையிலயும் கேக்கும்" என்றார். கலிபோர்னியாவைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை!

படிப்பு என்ன தந்தது?

நந்தனார் படத்தில் சில காட்சிகளை எடுக்க டண்டன் தம் நண்பருக்கு வாய்ப்பளித்தார். அடுத்து, கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார் ஒரு படம் எடுக்க டண்டனை அணுகினார். டண்டன் டங்கனைக் கைகாட்டிவிட்டார். அப்படம்தான் 1936-இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆரின் முதல் படமும் அதுவே. பின்னர் 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) எனப் பல படங்களில் டங்கனின் பெயர் விளங்கிற்று.

அக்காலத் தமிழ்ப்படம் பெரும்பாலும் நாடகத்தைப் போலவே இருந்தது. முன்வரிசை ரசிகரைப் போலக் காமிரா ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். டங்கன் அதை எழுப்பி நடக்க வைத்தார் எனலாம். முகத்தை அருகில் காட்டுதல், ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து இணைத்தல், முன்கூட்டியே திட்டமிடுதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். 'மீரா' படத்துக்காக அவர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு செயல் எங்களை மிகவும் கவர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்துக்கு எந்த ஒளி பொருந்தும் என்று அறிய, அவரைப் போலவே மார்பளவுச் சிலை ஒன்று செய்வித்தாராம். அதற்கு விளக்குகளை மாற்றி மாற்றி வைத்து, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியுடன் சோதித்துப் பார்த்த பின்னரே படப்பிடிப்புக்குச் சென்றாராம். படிப்பு தருவது இந்தப் பொறுமையைத்தான்.

ஆனால் டங்கனுக்குத் தமிழ் தெரியாது. வசனத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்த உதவியாளர்களே அவருக்குச் செவியாக இருந்தார்கள். கருவியை எந்த நாட்டிலும் கற்கலாம். மொழியும் கதையும் குரலும் பிறந்த மண்ணில்தான் கிடைக்கும் என்பதை இதனால் அறிந்தோம்.

இன்றே செய்யத்தக்கவை

திரைப்படம் கற்கக் கடல் கடக்க விரும்பும் மாணவி, அதற்குரிய ஆயத்தத்தைக் கொடுமுடியிலேயே தொடங்கலாம். மஞ்சள் வேகவைக்கும் களம், காலிங்கராயன் வாய்க்கால், ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரை, பாட்டியின் ஒப்பாரி ஆகியவற்றைப் பார்த்தும் கேட்டும் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பல கல்லூரிகள் மதிப்பெண்ணோடு மாணவியின் சொந்தப் படைப்புகளையும் கேட்கின்றன.

நாங்கள் ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். ஒரு படத்தில் ஐந்து நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, காமிரா இடம் மாறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட்டோம். அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டோம். முன்பு பலமுறை பார்த்த காட்சிதான். ஆனால் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் இருந்தது.

பெற்றோர்க்குப் பணிவான சொல்

பெற்றோரின் கவலையை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். செலவு, பாதுகாப்பு, ஊரார் பேச்சு மூன்றும் மெய்யானவை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படிப்புக்குப் பெரும்பணம் ஆகும். ஜெர்மனியில் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அந்நாட்டு மொழியை நன்கு கற்றிருக்க வேண்டும். கடன் வாங்கி அனுப்புமுன், படிப்பு முடிந்தபின் எவ்வாறு அடைப்பது என்பதையும் கணக்கிட வேண்டும். படித்த உடனே வேலை என்ற உறுதி இத்துறையில் இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எனவே படிப்படியாகச் செல்வதே நன்று. முதலில் இங்கே ஒரு பட்டம். அடுத்து சென்னையிலோ புனேயிலோ கொல்கத்தாவிலோ நுழைவுத்தேர்வு. அதன்பின் தகுதியும் உதவித்தொகையும் அமைந்தால் வெளிநாடு. இங்கு படித்தாலே உலகம் திரும்பிப் பார்க்கும் என்பதற்கும் சான்று உண்டு. புனே நிறுவனத்தில் பயின்ற பாயல் கபாடியா, 2024-இல் கான் திரைப்பட விழாவின் இரண்டாவது உயரிய விருதைப் பெற்றார்.

ஊரார் பேச்சுக்கும் எங்களிடம் ஒரு விடை இருக்கிறது. ரயிலில் பாடிய சிறுமியைப் பற்றியும் இவ்வூர் ஏதேதோ பேசியிருக்கும். அவர் 1953-இல் ஔவையாராக நடித்து எல்லாரும் கைகூப்பும்படி விளங்கினார். சட்ட மேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-இல் அவர் மறைந்தபின்னும், கொடுமுடி என்றதும் வெளியூரார் சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. கடல் கடந்தேனும் பொருள் தேடச் சொன்ன ஔவையார், கலையைத் தேடுவதையா தடுப்பார்?

கட்டுரையை முடித்து வகுப்பில் படித்தோம். தாளில் அந்த ஆசையை எழுதிய தோழியிடம் எல்லாரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டோம். அவளுடைய தந்தையார், "மொதல்ல டிகிரிய முடி அம்மிணி, அப்புறம் பரீட்சை எழுது, பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாராம். அதற்குள் அவள் வாங்கிய குறிப்பேட்டில் நாற்பது பக்கம் நிறைந்துவிட்டது. முதல் பக்கத்தில் எங்கள் வகுப்பு சிரித்த காட்சியை, காமிரா எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்போடு எழுதி வைத்திருக்கிறாள்.